ஏற்பிகளை அடக்கும் கைனேஸ்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல், மருந்தியல் படிப்பவர்களும், "ஹார்ட் பம்பிங் குறைஞ்சிருக்கு" என்று டாக்டர் சொன்னபின் வீட்டில் உட்கார்ந்து தேடிப் படிப்பவர்களும் ஒரு கட்டத்தில் 'ஜிஆர்கே' என்ற பெயரில் வந்து நிற்பார்கள். பாடப்புத்தகத்தில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் அரைப் பக்கம். அந்த அரைப் பக்கம் சொல்லாமல் விடுவதுதான் இங்கே அதிகம்.

முதலில், ஏற்பி என்றால் என்ன? கைனேஸ் என்றால் என்ன?

செல்லின் மேல்சவ்வில் பதிந்து நின்று, வெளியிலிருந்து வரும் ஹார்மோன், நரம்புக் கடத்தி, மணம், ஒளி போன்றவற்றை உணர்ந்து உள்ளே தகவல் சொல்லும் புரதம் ஏற்பி. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின்மேல் ஒட்டவைக்கும் நொதி கைனேஸ். மனித உடலில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. இங்கே நாம் பார்க்கப்போவது அவற்றில் ஏழே ஏழு: 'ஜி புரதத்துடன் இணைந்த ஏற்பிகளின் கைனேஸ்கள்', சுருக்கமாக ஜிஆர்கே.

ஏழுதானே என்று நினைக்க வேண்டாம். இவை கவனிக்கும் ஏற்பிக் குடும்பத்தில் ஏறத்தாழ 800 உறுப்பினர்கள். இன்று விற்பனையில் இருக்கும் மருந்துகளில் மூன்றில் ஒரு பங்கு அந்தக் குடும்பத்தின் மேல்தான் வேலை செய்கிறது. பிரஷர் மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், அலர்ஜி மாத்திரை, மார்ஃபின் என்று பட்டியல் நீளும்.

இந்தக் கைனேஸ் அப்படி என்னதான் செய்கிறது?

அட்ரினலினை எடுத்துக்கொள்வோம். அது இதயத் தசை செல்லின் பீட்டா ஏற்பியில் வந்து பொருந்தியதும் ஏற்பியின் உள்பக்கம் கொஞ்சம் விரிந்துகொடுக்கிறது. அந்த இடுக்கில், தகவலை உள்ளே கடத்தும் ஜி புரதம் சேர்ந்து, முடுக்கப்பட்டு, அதன் ஆல்ஃபா துண்டு தனியாகவும் பீட்டா-காமா துண்டுகளின் ஜோடி தனியாகவும் பிரிகிறது. ஆல்ஃபா போய் அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்ட, செல்லுக்குள் தகவல் சுமக்கும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு பெருகி, துடிப்பு வேகமும் வலுவும் பெறுகிறது. எல்லாப் புத்தகத்திலும் இதுவரை இருக்கும்.

அப்புறம் நடப்பதுதான் நம் விஷயம். சவ்விலேயே தங்கிவிடும் பீட்டா-காமா ஜோடி, செல்லுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் ஜிஆர்கே2-ஐப் பிடித்துச் சவ்வுக்கு இழுத்து வருகிறது. வந்த கைனேஸ் எல்லா ஏற்பிகளையும் தொடுவதில்லை. எந்த ஏற்பி அட்ரினலினைப் பிடித்து வடிவம் மாறி நிற்கிறதோ, அதன் உள்வாலில் உள்ள செரின், திரியோனின் அமினோ அமிலங்களில்தான் பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது. உடனே அரெஸ்டின் என்ற புரதம் வந்து அந்த வாலில் அமர்ந்துகொள்கிறது. இனி ஜி புரதத்துக்கு அங்கே இடமில்லை. சமிக்ஞை தணிகிறது. ஏற்பியும் பெரும்பாலும் சவ்வோடு உள்ளே இழுக்கப்பட்டு, பாஸ்பேட் நீக்கப்பட்டு மேலே திரும்பும், அல்லது சிதைக்கப்பட்டுவிடும்.

வேலை செய்யும் ஏற்பியை மட்டும் தேடி அடக்குவது என்பதை இரண்டு முறை படியுங்கள். பி.கே.ஏ. போன்ற பொதுவான கைனேஸ்களும் ஏற்பிகளில் பாஸ்பேட் ஒட்டும். ஆனால் அவை சும்மா இருக்கும் ஏற்பியையும் சேர்த்து அடக்கிவிடும். ஜிஆர்கே அப்படியில்லை. சமிக்ஞை தொடங்கிய அதே நிகழ்வே அதை முடிக்கும் ஏற்பாட்டையும் கிளப்பிவிடுகிறது.

புற்றுநோய் மருந்துகளில் 'கைனேஸ் தடுப்பான்' என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை, இந்தக் குழப்பம் மிகச் சாதாரணம். ஈ.ஜி.எஃப்.ஆர்., ஹெர்-2 போன்றவை 'டைரோசின் கைனேஸ் ஏற்பிகள்'. அங்கே ஏற்பியே கைனேஸ். பாஸ்பேட் ஒட்டுவதுதான் சமிக்ஞையின் தொடக்கம். ஜெஃபிடினிப் மாதிரி மருந்துகள் அதைத் தடுக்கின்றன. ஜிஆர்கே தனி நொதி. ஏற்பி வேறு, கைனேஸ் வேறு. இங்கே பாஸ்பேட் ஒட்டுவது சமிக்ஞையை முடித்துவைக்க.

ஏழும் எங்கெங்கே இருக்கின்றன?

ஜிஆர்கே1, 7 இரண்டும் கண்ணின் விழித்திரையில். 2, 3, 5, 6 ஏறத்தாழ உடல் முழுக்க. ஜிஆர்கே4 விந்தகத்தில் அதிகம், சிறுநீரகத்திலும் உண்டு.

யார் கண்டுபிடித்தார்கள்?

கதை கண்ணில் தொடங்குகிறது. விழித்திரையின் ரோடாப்சின் என்ற ஏற்பியின்மேல் ஒளி பட்டால் அதில் பாஸ்பேட் ஏறுகிறது என்பது 1972-லேயே தெரிந்துவிட்டது. இதயத்துக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் ஆய்வகம் 1986-ல் பீட்டா அட்ரினலின் ஏற்பியை அடக்கும் கைனேஸைப் பிரித்துக் காட்டியது. அந்த ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர் ஜெஃப்ரி பெனோவிக். அதே வருடம் அதே ஆய்வகத்தின் முயற்சியில் பீட்டா ஏற்பியின் மரபணு வரிசை வெளிவந்தபோது அது ரோடாப்சினின் நெருங்கிய உறவாக இருந்தது. கண்ணில் அரெஸ்டின் இருந்தால் மற்ற இடங்களிலும் ஒன்று இருக்கவேண்டுமே என்று தேட, 1990-ல் பீட்டா-அரெஸ்டின் கிடைத்தது.

லெஃப்கோவிட்ஸுக்கும் பிரையன் கோபில்காவுக்கும் 2012-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. பரிசு ஏற்பிகளுக்குத்தான், கைனேஸ் அந்தப் பரிசின் நிழலில் நின்றுகொண்டது.

இந்தக் கைனேஸ் இல்லாமல் பிறந்தால் என்ன ஆகும்?

ஜிஆர்கே1 விஷயத்தில் பதில் தெளிவாகவே தெரியும். அதன் பெயர் ஒகுச்சி நோய். ஜப்பானிய மருத்துவர் சூட்டா ஒகுச்சி 1907-ல் விவரித்தது. பிறவியிலேயே வரும், ஆனால் நாளாக ஆக மோசமாகாத ஒருவகை மாலைக்கண். வைட்டமின் ஏ கொடுத்தால் இது தீராது.

இவர்களுக்குப் பகல் பார்வை சரியாக இருக்கும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் நமக்கு அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். இவர்களுக்குப் பல மணி நேரம் ஆகும். முழு இருட்டில் அவ்வளவு நேரம் இருந்துவிட்டால் நம்மைப் போலவே மங்கலான வெளிச்சத்தைப் பார்ப்பார்கள். ஆனால் ஒரு சின்ன வெளிச்சம் கண்ணில் பட்டால் போதும், திரும்ப முதலிலிருந்து.

காரணம், ஒளி பட்ட ரோடாப்சினை அடக்க ஆளில்லை. ரோடாப்சின் சட்டென்று தணிய அதன் வாலில் குறைந்தது 3 பாஸ்பேட்டாவது ஏறவேண்டும். ஏறாவிட்டால் ஒரே ஒரு ஒளித்துகளுக்கான பதிலே பல மடங்கு நீள்கிறது. அப்படி ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் அடங்காமல் இருந்தால் மங்கலான ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் எந்நேரமும் உச்சத்திலேயே நிற்கும். புதிதாக வரும் மங்கலான ஒளியைக் கவனிக்க அவற்றால் முடியாது. பகல் பார்வையைத் தரும் கூம்பு செல்களுக்கு ஜிஆர்கே7 கூடுதலாக இருப்பதால் அங்கே பாதிப்பு தெரிவதில்லை.

விழித்திரையைப் பார்க்கும் மருத்துவருக்கு இன்னொரு அதிசயமும் தென்படும். வெளிச்சத்தில் பொன்னிறமாக, தகடு போட்டதுபோல் மின்னும் விழித்திரை, சில மணி நேரம் இருட்டில் வைத்திருந்துவிட்டுப் பார்த்தால் சாதாரண நிறத்துக்கு வந்திருக்கும். 1913-ல் இதைக் குறித்த மிசுவோவின் பெயரால் இதை மிசுவோ விளைவு என்கிறார்கள். நோயின் மரபணுக் காரணம் தெரிய இன்னும் 80 ஆண்டுகள் ஆயின: 1995-ல் அரெஸ்டின் மரபணு, 1997-ல் ஜிஆர்கே1. இரண்டில் எது பழுதானாலும் நோய் ஒன்றே. ஒருவர் பாஸ்பேட் ஒட்டி, மற்றவர் வந்து அமரும் ஜோடி வேலைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும். ஆகவே சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு அதிகம். மாமன் மகள், அத்தை மகன் என்று முடிக்கும் நம் ஊர்க்காரர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதயச் செயலிழப்பில் ஜிஆர்கே2-க்கு என்ன பங்கு?

பம்பிங் குறைந்ததும் உடல் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் அதிகமாகச் சுரந்து இதயத்தை விரட்டுகிறது. ஓரிரு நாளுக்கு அது உதவும். மாதக்கணக்கில் நீண்டால்? ஓயாமல் கத்தும் வீட்டில் யாரும் எதையும் காதில் வாங்குவதில்லை என்பதுதான் நடக்கிறது. செயலிழந்த இதயத்தில் பீட்டா ஏற்பிகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடுகின்றன என்று 1982-ல் மைக்கேல் பிரிஸ்டோவின் குழு காட்டியது. 1993-ல் ஜெர்மனியின் மார்ட்டின் லோசேயும் சகாக்களும், அப்படிப்பட்ட மனித இதயங்களில் ஜிஆர்கே2-இன் தூது ஆர்.என்.ஏ. (புரதம் செய்யச் சொல்லும் மரபணுவின் நகல்) ஏறத்தாழ 3 மடங்கு இருப்பதைக் கண்டார்கள். நொதியின் செயலும் கூடியிருந்தது. அதாவது ஏற்பி பாதி. மிச்சமிருக்கும் பாதியையும் அடக்க ஆள் அதிகம்.

அப்படியானால் கைனேஸைக் குறைத்தால் இதயம் தேறுமா? டியூக்கில் வால்டர் கோச் 1995-ல் எலிகளில் இதைச் சோதித்தார். ஜிஆர்கே2 அதிகம் உள்ள எலிகளின் இதயம் அட்ரினலின் போன்ற மருந்துக்கு மந்தமாகவே பதில் சொன்னது. பீட்டா-காமா ஜோடியைக் கைனேஸிடமிருந்து பறித்துக்கொள்ளும் ஒரு புரதத்துண்டைப் பெற்ற எலிகளின் இதயமோ வலுவாகச் சுருங்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து, தசைப் புரதம் ஒன்று இல்லாததால் இதயம் வீங்கிப்போகும் எலிகளையும் அதே துண்டு காப்பாற்றியது.

சரி, ஜிஆர்கே2-ஐ முழுக்க எடுத்துவிட்டால்? எலிக்கருக்கள் பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகின்றன, இதயம் மெலிந்து, வளர்ச்சி குன்றி. ஆக, இது வேண்டாத நொதியும் அல்ல.

பீட்டா ஏற்பியை மறைக்கும் பீட்டா பிளாக்கர் இதயத்தைத் தளர்த்தும் மருந்து. அதைப்போய் தளர்ந்த இதயத்துக்கு ஏன் கொடுக்கிறார்கள்?

மிக நியாயமான சந்தேகம்; மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இதைத்தான் கேட்டது. 1975-ல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டைனும் சகாக்களும் 7 நோயாளிகளுக்குப் பீட்டா பிளாக்கர் கொடுத்து முன்னேற்றம் கண்டதாக எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. பாடப்புத்தகம் அதைத் 'தரக்கூடாது' பட்டியலில் வைத்திருந்தது.

இன்னொரு பக்கம், இதயத்தை மேலும் விரட்டும் மருந்துகள் சோதிக்கப்பட்டன. ஏற்பியைத் தாண்டிப்போய் நேராகச் சைக்ளிக் ஏ.எம்.பி.யை உயர்த்தும் மில்ரினோன் மாத்திரையைத் தீவிர நோயாளிகளுக்குக் கொடுத்த 1991-ஆம் ஆண்டுச் சோதனையில் இறப்பு 28 சதவீதம் கூடியது. பலரும் இதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். அடங்கிக் கிடந்த சமிக்ஞையை வலுக்கட்டாயமாக எழுப்பினால் இதயம் சில நாள் தெம்பாகத் துடிக்கும், பிறகு விலை கேட்கும்.

1999-ல் இரண்டு பெரிய சோதனைகள் வழக்கை முடித்துவைத்தன. பிசோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கர் ஒன்றில், மெட்டோப்ரோலால் மற்றொன்றில். இரண்டிலும் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. அட்ரினலினின் ஓயாத தாக்குதலை மருந்து மறைத்ததும் ஏற்பிகளை அடக்க வேண்டிய தேவை குறைகிறது. எலிகளில் ஜிஆர்கே2-இன் அளவும் இறங்குகிறது. மெட்டோப்ரோலால் எடுத்த நோயாளிகளின் இதயத்தில் ஏற்பிகள் திரும்பக் கூடின. கார்வெடிலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கரில் அப்படிக் கூடுவதில்லை, ஆனாலும் அது உயிர் காக்கிறது. எனவே 'ஏற்பி கூடியதால் குணமானது' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

மிகச் சிறிய அளவில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுவது, இந்த மருந்து முதலில் இதயத்தைத் தளர்த்தக்கூடியது என்பதால்தான். முதல் சில வாரம் களைப்பு கூடலாம்.

திடீரென்று நிறுத்தலாமா?

கூடாது. மருந்து எடுத்த காலத்தில் ஏற்பிகள் அட்ரினலினுக்குக் கூர்மையாகியிருக்கும். மறைப்பைச் சட்டென்று எடுத்தால் நெஞ்சுவலி, படபடப்பு, சிலருக்கு மாரடைப்புகூட வரலாம். நிறுத்தவேண்டிய அவசியம் வந்தால் டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

எல்லோருக்கும் இந்தக் கைனேஸ்கள் ஒரே மாதிரிதானா?

இல்லை. ஜிஆர்கே5-இன் 41-ஆம் இடத்தில் பெரும்பாலானவர்களுக்குக் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் இருக்கும், சிலருக்கு லூசின். அமெரிக்காவின் ஆப்பிரிக்க வம்சாவளியினரில் ஏறத்தாழ 40 சதவீதம் பேரிடம் லூசின் பிரதி ஒன்றாவது உண்டு. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அரிது. லூசின் உள்ள கைனேஸ் பீட்டா ஏற்பியை இன்னும் நன்றாக அடக்குகிறது. ஸ்டீபன் லிக்கெட்டும் சகாக்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இதயச் செயலிழப்பு இருந்தும் இந்த லூசின் உள்ளவர்கள் பீட்டா பிளாக்கர் எடுக்காமலேயே, எடுத்தவர்களைப் போல நீடித்து வாழ்ந்தார்கள். பிறவியிலேயே உள்ளே ஒரு பீட்டா பிளாக்கர்.

இங்கே கூர்ந்து படிப்பவர் மடக்கிக் கேட்பார்: ஜிஆர்கே2-ஐக் குறைத்தால் நல்லது என்றீர்கள், இப்போது ஜிஆர்கே5 நன்றாக அடக்கினால் நல்லது என்கிறீர்களே? முரண்தான். இந்தக் கைனேஸ்களை வெறும் 'அடக்குபவை' என்று மட்டும் படிப்பதால் வரும் முரண் இது. ஜிஆர்கே2 மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்ச் செல் இறப்பைத் தூண்டுகிறது. இன்சுலின் சமிக்ஞையிலும் குறுக்கிடுகிறது. ஜிஆர்கே5 உட்கருவுக்குள் நுழைந்து இதயத் தசையைத் தடிக்கச் செய்யும் மரபணுக்களை எழுப்புகிறது. ஏற்பியை அடக்குவது ஒரு வேலை, இவை வேறு வேலைகள். எந்தக் கைனேஸ், செல்லின் எந்த இடத்தில், எவ்வளவு நாளாக என்று கேட்காமல் 'நல்லதா கெட்டதா' என்று கேட்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

இன்ஹேலர் அடித்து அடித்து வேலை செய்யாமல் போவதும் இதனால்தானா?

பெருமளவுக்கு ஆம். நீல நிற இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் மூச்சுக்குழாயின் பீட்டா-2 ஏற்பியைத் தூண்டுகிறது. வீசிங் வரும்போதெல்லாம் அதை மட்டுமே அடித்துக்கொண்டிருந்தால் ஏற்பிகள் அடக்கப்பட்டு, உள்ளே இழுக்கப்பட்டு, எண்ணிக்கை குறையும். அடியில் இருக்கும் அழற்சியையோ அது தொடுவதே இல்லை. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதல் 2019 முதல் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை. ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேரவேண்டும். ஸ்டீராய்டு பீட்டா-2 ஏற்பியின் உற்பத்தியையும் கூட்டிக் கொடுக்கிறது. 'ஸ்டீராய்டா, வேண்டாம்' என்று அதைத் தூக்கிப்போட்டுவிட்டு நீல நிற இன்ஹேலரை மட்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்க.

மார்ஃபினுக்கு உடல் பழகிப்போவது?

அதிலும் ஜிஆர்கேவுக்கும் அரெஸ்டினுக்கும் பங்குண்டு. பீட்டா-அரெஸ்டின்-2 இல்லாத எலிகளில் மார்ஃபினின் வலிநிவாரணம் கூடுதலாகவும் நீண்டும் இருந்தது 1999-ல் தெரிந்தது. ஜி புரதத்தை மட்டும் தூண்டி அரெஸ்டினைக் கூப்பிடாத மருந்து பாதுகாப்பானது என்ற நம்பிக்கை அதில் பிறந்தது. அப்படி வந்த ஒலிசெரிடினுக்கு அமெரிக்கா 2020-ல் அனுமதி தந்தது. ஆனால் மூச்சு அடங்கும் ஆபத்து அரெஸ்டினால்தான் வருகிறது என்ற கருத்தைப் பின்வந்த எலி ஆய்வுகள் ஆட்டம் காணவைத்துவிட்டன. ஒலிசெரிடினிலும் அந்த எச்சரிக்கை ஒட்டப்பட்டே விற்கிறது.

ரத்த அழுத்தத்திலும் பங்கு உண்டா?

உண்டு. சிறுநீரகத்தில் டோபமின் ஏற்பி உப்பை வெளியேற்ற உதவுகிறது. ஜிஆர்கே4-இன் சில வகைகள் அதை எந்நேரமும் அடக்கிவைப்பதால் உப்பு தங்கி அழுத்தம் ஏறுகிறது. யாருக்கு எவ்வளவு என்பது மக்கள்தொகைக்கு மக்கள்தொகை மாறுவதால் மருத்துவமனையில் இதைப் பார்த்து மருந்து எழுதும் நிலை இல்லை.

கைனேஸ் நன்றாக இருந்து ஏற்பியின் வால் இல்லாமல் போனால்?

விம் என்ற அரிய நோயில் நடப்பது அதுதான். சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற ஏற்பி வெள்ளை அணுக்களை எலும்பு மஜ்ஜையில் பிடித்து வைத்திருக்கும். இந்த நோயில் அதன் வால் துண்டாகிவிடுவதால் பாஸ்பேட் ஒட்ட இடமில்லை, அரெஸ்டினும் வராது; ஏற்பி அடங்காது. வெள்ளை அணுக்கள் மஜ்ஜையைவிட்டு வெளியே வராமல் தேங்க, ரத்தத்தில் பற்றாக்குறை, ஓயாத தொற்று, உடலெங்கும் மருக்கள். அந்த ஏற்பியை அடைக்கும் மவோரிக்ஸாஃபோர் மருந்துக்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்த நோயில் ஒரு விசித்திரமும் உண்டு. 1964-ல் சிறுமியாக இருந்தபோது விவரிக்கப்பட்ட ஒரு நோயாளி, பல ஆண்டுகளுக்குப் பிறகு மருந்தில்லாமலே குணமாகியிருந்தார். அவருடைய ரத்த ஸ்டெம் செல் ஒன்றில் 2-ஆம் குரோமோசோம் சிதறி மறுபடி ஒட்டியபோது 164 மரபணுக்கள் தொலைந்துபோயின. பழுதான அந்த ஏற்பியும் அவற்றில் ஒன்று. சாதாரணமாகப் புற்றுநோயில் கொண்டுபோய் விடக்கூடிய விபத்து இது.

ஜிஆர்கேவைத் தடுக்கும் மருந்து எப்போது வரும்?

சந்தையில் இன்னும் ஒன்றும் இல்லை. ஏ.டி.பி. பொருந்தும் குழி எல்லாக் கைனேஸ்களிலும் ஒரே சாயலில் இருப்பதால் ஒன்றை மட்டும் குறிவைப்பது கடினம். எதிர்பாராத இடத்திலிருந்து ஒன்று வந்தது: மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பரோக்ஸெட்டின் ஜிஆர்கே2-ஐத் தடுக்கிறது என்று ஜான் டெஸ்மரின் குழு 2012-ல் கண்டது. மாரடைப்புக்குப் பின் எலிகளில் அது நன்றாகவே வேலை செய்தது. மாரடைப்பு வந்த மனிதர்களிடம் நடத்திய ஒரு சிறிய சோதனையில் இதயத்தின் பம்பிங் கூடவில்லை. பரோக்ஸெட்டினின் வடிவத்தை வைத்துக் கூர்மையான மூலக்கூறுகள் செய்யும் வேலை தொடர்கிறது. அதுவரை, இதயத்துக்கு நல்லது என்று நீங்களாக அந்த மாத்திரையை வாங்கிப் போட வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையில் ஜிஆர்கே2 அளவு பார்க்கலாமா?

ரத்தத்தின் லிம்ஃபோசைட்டுகளில் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) அதன் அளவு இதயத்தில் உள்ளதை ஒட்டியே ஏறி இறங்குகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அது ஆய்வகத்தோடு நிற்கிறது. உங்கள் இதயத்தின் நிலை தெரிய எக்கோவும், இதயத்தின் சுமையைக் காட்டும் பி.என்.பி. ரத்தப் பரிசோதனையும் போதும்.